ரிட்டன் தட்டிலிருந்து தினம் இரண்டு பப்ஸ்

கிச்சனில் இருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

என் கையெழுத்தைப் படிக்கச் சிரமப்படுவீர்கள். முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மருங்காபுரி பக்கம் ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கேக்கின் மேல் க்ரீமில் எழுதிய பெயர்கள்தான். அதில் தப்பு வந்தால் கத்தியால் வழித்துவிட்டு மறுபடி எழுதலாம். காகிதத்தில் அது முடியவில்லை. அடித்து அடித்து எழுதியிருக்கிறேன். சின்ன ர வரவேண்டிய இடத்தில் பெரிய ற வந்திருக்கும். உங்களில் படித்தவர்கள் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

முட்டி வலியால் நான் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. போன வாரம் கிறிஸ்துமஸ் கேக்குக்கு ஆள் போதவில்லை என்று கூப்பிட்டீர்கள், வந்தேன். டப்பாவில் அடுக்கிக் கட்டுகிற பேக்கிங் மேசையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறது. அதைப் பார்த்து உங்களில் ஒருவர், "என்ன தங்கச்சி, பேக் பண்றியா, உள்ள தள்றியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தீர்கள். அந்தப் பெண்ணும் சிரித்தது. நான் குனிந்து மாவைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

எனக்கு நேரில் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம்கூட நான் தலையாட்டுவதோடு சரி. அந்தக் குணத்தால் இதே கிச்சனில் ஒரு அம்மாவுக்குப் பெரிய கெடுதல் செய்திருக்கிறேன். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும். கேக் எப்படி எழும்பும், ஓவன் எப்போது சூடாகும் என்பதெல்லாம் கை பழகப் பழக உங்களுக்கே வந்துவிடும். இது அப்படித் தானாக வராது.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அப்போதும் நம் கடை இரண்டுதான், ஸ்ரீரங்கத்தில் ஒன்று, சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒன்று. கிச்சன் இதே திருவானைக்காவல் சந்தில். ஸ்ரீரங்கத்துக்கு வெஜ் பப்ஸ் மட்டும் போகும், சத்திரத்துக்கு முட்டை பப்ஸும் போகும். விற்காமல் மீந்தது எல்லாம் ஒரு தட்டில் திரும்பி வரும். ரிட்டன் தட்டு என்போம். பெரிய முதலாளி காலத்தில் மறுநாள் காலை அந்தத் தட்டு பேக்கிங்காரர்களுக்கு. யாரும் எண்ண மாட்டார்கள், யாரும் கேட்க மாட்டார்கள். அது ஒரு வழக்கம்.

பேக்கிங்கில் மூன்று பெண்கள் இருந்தார்கள். இரண்டு பேர் பக்கத்துத் தெரு, வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். மூன்றாவது மேரியம்மா. பாலக்கரையிலிருந்து முதல் பஸ் பிடித்து வெறும் வயிற்றோடு வருவார். வயது நாற்பது இருக்கும். வாய் சும்மா இருக்காது. நான் பேசாத பேச்சையும் சேர்த்து அவரே பேசுவார். "மாஸ்டர் இன்னிக்கு ரெண்டு வார்த்தை பேசிட்டாரு, மழை வரும், துணியை எடுத்து உள்ள போடுங்கடி" என்பார்.

அவர் பசியோடு நிற்பதைப் பார்த்து தினமும் காலையில் ரிட்டன் தட்டிலிருந்து இரண்டு பப்ஸை எடுத்து, ஓவன் வாயில் லேசாகச் சூடு காட்டி, ஒரு பேப்பரில் வைத்து அவர் மேசை ஓரத்தில் வைத்துவிடுவேன். நாலு மணி டீக்கு இரண்டு மூன்று உடைந்த பிஸ்கட்டும் வைப்பேன். பேச வராதவனுக்குத் தெரிந்த மரியாதை அதுதான்.

பெரிய முதலாளி படுக்கையில் விழுந்ததும் அவர் மகன் பொறுப்புக்கு வந்தார். சின்ன முதலாளி கெட்டவர் இல்லை, இப்போதும் இல்லை. ஆனால் புதிதாக வந்தவருக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற அவசரம். ஒருநாள் என்னிடம் வந்து, "மாஸ்டர், இனிமே ரிட்டனை எண்ணி எழுதிடுங்க. மாட்டுத் தீவனத்துக்கு ஒருத்தர் வந்து எடுத்துக்குவார். யாரும் அதுல கை வைக்க வேணாம், பழசைத் தின்னு யாருக்காவது வயித்துக்கு ஆகலேன்னா நம்ம தலைல விடியும்" என்றார். சரி தம்பி என்று தலையாட்டினேன்.

ஆனால் மறுநாள் காலை மேரியம்மா பஸ்ஸை விட்டு இறங்கி வந்து நின்றபோது எனக்கு மனசு கேட்கவில்லை. வழக்கம்போல இரண்டை எடுத்து வைத்தேன். அதற்கு அடுத்த நாளும் வைத்தேன். புது உத்தரவைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சாப்பிட மாட்டார் என்று நினைத்தேன். இது முதல் தப்பு.

அதற்குள் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. மேரியம்மா வேலைக்குச் சேர்ந்தபோது ஒல்லியாக இருந்தார். இரண்டு வருஷத்தில் உடம்பு போட்டுவிட்டது. கை கால் எல்லாம் பெரிதாகவில்லை, வயிறும் இடுப்பும்தான். படி ஏறினால் மூச்சு வாங்கும், முட்டி வலி வந்தது. கிச்சனில் கேலி ஆரம்பித்தது. "மேரிக்கா, கதவை அகலப்படுத்தச் சொல்லிருக்கோம்" என்பார்கள். அவரும் விடமாட்டார். "கதவை அப்புறம் பண்ணு, முதல்ல உன் வாயைச் சின்னதாக்கு" என்பார். நன்றாகத் திருப்பிக் கொடுக்கிறார், அவருக்கு அது உறைக்கவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

மார்கழி பிறந்த சமயம். கிறிஸ்துமஸ் ஆர்டரும் சேர்ந்து, வைகுண்ட ஏகாதசிக் கூட்டமும் சேர்ந்து கிச்சனில் நிற்க இடமில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை சின்ன முதலாளி ரிட்டன் நோட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். நான் எண்ணி எழுதியதற்கும் தீவனக்காரர் எடுத்துப் போனதற்கும் நடுவில் ஒரு மாதமாக தினமும் இரண்டு பப்ஸ் குறைகிறது என்றார். அவர் சுற்றிப் பார்த்தார். கண் மேரியம்மாமேல் நின்றது.

"இதைக் கண்டுபிடிக்க போலீஸ் எதுக்கு, தராசு போதும்" என்றார்.

கிச்சன் முழுக்கச் சிரிப்பு. மைதா மூட்டை நிறுக்கும் தராசு வாசலோரம் தரையில் கிடக்கும், உங்களுக்குத் தெரியும். அதைக் காட்டி, "ஏறுங்க மேரிக்கா, சும்மா பார்ப்போம்" என்றார். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஆரம்பித்த பிறகு அது விளையாட்டாக இல்லை.

மேரியம்மா கையைத் துடைத்துக்கொண்டு போய் ஏறினார். "மூட்டைக்கு என்ன விலையோ அதையே போடுங்க தம்பி" என்றார். அதற்கும் சிரித்தார்கள். யாரோ எண்ணைச் சத்தமாகப் படித்தார்கள். சின்ன முதலாளி, "சேர்ந்தப்ப இவ்வளவு இல்லையே. இதெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார்.

அப்போது மேரியம்மா சிரிப்பை நிறுத்திவிட்டார். தராசின்மேல் நின்றபடியே என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான்.

நான் ஓவன் பக்கம் திரும்பிக்கொண்டேன். உள்ளே ஒன்றும் வேகவில்லை. காலித் தட்டு ஒன்றை வெளியே இழுத்தேன், மறுபடி உள்ளே தள்ளினேன்.

"நான் எதையும் எடுக்கல தம்பி" என்றார் மேரியம்மா. அவ்வளவுதான் சொன்னார். என் பெயரை எடுக்கவில்லை. இறங்கி, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும் சின்ன முதலாளிக்கும் கொஞ்சம் ஒருமாதிரி ஆகிவிட்டது. ஆனால் எல்லோர் முன்னாலும் பேசியாகிவிட்டது, இறங்கி வர முடியவில்லை. "சனிக்கிழமைக்குள்ள வந்து எடுத்தேன்னு ஒத்துக்கட்டும், வேலைல இருக்கட்டும். நான் ஒண்ணும் பண்ணப் போறதில்ல. ஒத்துக்கலேன்னா வேற ஆள் போட்டுருவேன்" என்றார். பக்கத்து மேசைப் பெண் போனில் மேரியம்மாவுக்குச் சொன்னது. "எடுக்காததை எடுத்தேன்னு எப்படிச் சொல்றது?" என்று அவர் வைத்துவிட்டாராம்.

புதன்கிழமை முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மூன்று தட்டு பிஸ்கட்டைக் கருக்கினேன். என் சர்வீஸில் அப்படி நடந்ததில்லை. சின்ன முதலாளி அறை வாசல் வரை இரண்டு தடவை போனேன். உள்ளே ஆர்டர்காரர்கள் இருந்தார்கள் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லித் திரும்பி வந்தேன். உண்மை என்னவென்றால் பயம். என்னைத் திட்டுவாரே என்ற பயம்கூட இல்லை. எல்லோரும் என்னைப் பார்ப்பார்களே என்ற பயம்.

வியாழக்கிழமை மத்தியானம் பாலக்கரைக்குப் போனேன். மேரியம்மா வீட்டுக்காரர் சேவியர் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். விடிகாலை போய் மத்தியானம் திரும்பிவிடுவார். வாசலில் உட்கார்ந்திருந்தார். "வாங்கண்ணே" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"இவளை என்ன சொல்லி அனுப்பினாங்க? கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்குறா" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மேரியம்மா உள்ளேயிருந்து வந்துவிட்டார். "என்ன சொல்லுவாங்க, நீ சொல்றதத்தான் சொன்னாங்க" என்றார்.

சேவியர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். "பொய் சொல்ல மாட்டேண்ணே. நானும் கேட்டிருக்கேன். ரெண்டு வேளை சோத்தையே தொடமாட்டேங்குறா, ஆனா உடம்பு ஏறிக்கிட்டே போவுது. எங்கயோ ஒளிச்சுத் தின்னுட்டு வர்றியாடின்னு கேட்டேன்."

"ராத்திரிச் சோத்தை விட்டு ஆறு மாசமாச்சு மாஸ்டர்" என்றார் மேரியம்மா. "சாயங்காலம் வந்து இவருக்கு ஆக்கிப் போட்டுட்டு, நான் ஒரு டம்ளர் தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்துருவேன். காலையில உங்க பப்ஸு, நாலு மணிக்கு பிஸ்கட்டு. மத்தியானம் நாலு வாய் சோறு. இதுல எதை ஒளிச்சுத் தின்ன? நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. கடைல நம்பல, வீட்டுல நம்பல. கோயில்ல கூட ஒருத்தி, 'என்ன மேரி, பேக்கரி நல்லா கவனிக்குது போல'ங்குறா."

உத்தரவை மறைத்ததைச் சொல்லத்தான் வந்தேன், அதையும் சொல்லவில்லை. அவர்தான் மேலே பேசினார். "முட்டி வலிக்குன்னு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்ல, அந்த டாக்டரம்மா மட்டும் நான் சொன்னதை எழுதிக்கிச்சு. அந்த பப்ஸுல என்ன கொழுப்பு போடுறாங்க, அட்டைய கொண்டாங்கன்னுச்சு. நாளைக்கு வரச் சொல்லிருக்கு. முடிஞ்சா அட்டைய எடுத்துட்டு நீங்களும் வாங்க மாஸ்டர். எனக்கு அதெல்லாம் சொல்லத் தெரியாது."

உங்களுக்கு இப்போது இது விசித்திரமாக இருக்கும். பப்ஸ் மாவை மடிக்கும்போது நடுவில் வைக்கிற கெட்டிக் கொழுப்பு, மார்ஜரின் என்பார்கள், வனஸ்பதிக்குத் தம்பி முறை. வருஷக்கணக்காக அதைத் தினமும் கையால் தொட்டிருக்கிறேன். அந்த அட்டைப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாள்கூட யாரையும் கேட்டதில்லை. இங்கிலீஷில் இருந்தது, எனக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். திருச்சி வெயிலில் வெண்ணெய் மேசைமேலேயே உருகி ஓடிவிடும். இது அசையாது. இதழ் இதழாகப் பிரியும். நல்ல சரக்கு என்று அதைக் கொண்டாடினேன்.

வெள்ளிக்கிழமை பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெரிய வரிசை. எங்கள் முறை வந்ததும் டாக்டரம்மா என்னைப் பார்த்து, "இவர் யாரு, வீட்டுக்காரரா?" என்றார்.

"இல்ல டாக்டர்" என்றார் மேரியம்மா. "இவருதான் என்னைக் குண்டாக்குனவரு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு அங்கேயே புதைந்துவிடலாம்போல இருந்தது. அட்டையை நீட்டினேன். டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"இது எண்ணெய்தான்" என்றார். "எண்ணெய் இப்படிக் கட்டியா நிக்கிறதுக்காக மில்லுல ஒரு வேலை பண்றாங்க. அப்ப அதுக்குள்ள டிரான்ஸ் கொழுப்புன்னு ஒண்ணு உண்டாகுது. அது இருதயத்துக்குக் கெடுதல், அதுல ரெண்டு பேச்சு இல்ல. எடை விஷயத்துலயும் அதுக்குப் பங்கு இருக்கும்னு பார்த்திருக்காங்க. அதிகமாச் சாப்பிடாதவங்களுக்குக்கூட வயித்தைச் சுத்திச் சதை போடலாம்."

"அப்ப நான் ஒளிச்சுத் தின்னலன்னு ஆச்சா டாக்டர்?"

"ஒளிச்சுத் தின்னாத்தான் உடம்பு போடணும்னு இல்லம்மா. ஆனா முழுப் பழியையும் இது மேல போட மாட்டேன். நீங்க ராத்திரி பட்டினி கிடக்கிறீங்க, சரியாத் தூங்குறதில்ல, வயசும் ஆகுது. தைராய்டு ஒண்ணு பார்த்துருவோம். முதல்ல பப்ஸையும் பிஸ்கட்டையும் நிறுத்துங்க. ராத்திரி சாப்பிடுங்க. காலைல வீட்லேர்ந்து ஏதாவது கட்டிக்கிட்டுப் போங்க, பழைய சோறா இருந்தாலும் பரவால்ல."

"இதை ஒரு சீட்டுல எழுதிக் கொடுங்க டாக்டர், வீட்டுல காட்டணும்."

"அதெல்லாம் சீட்டுல எழுத முடியாதும்மா. வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க, நேர்லயே சொல்றேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க தினம் சாப்பிடுவீங்களா இதை?"

"இல்லைங்க. வாயில வச்சுப் பார்ப்போம். அப்புறம் துப்பிடுவோம்."

"ஏன் துப்புறீங்க?"

எனக்குத் தொழில் பழக்கிய மாஸ்டர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். நாக்கில் வைத்து அண்ணத்தில் அழுத்திப் பார், மெழுகு மாதிரி ஒட்டுகிறதா என்று பார், துப்பிவிடு, வாய் கொப்பளி. விழுங்கினால் அடுத்த தட்டின் ருசி தெரியாது என்பார். அவர் சொன்ன காரணம் அதுதான். டாக்டரம்மா கேட்டபோது அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேக்கரி மாஸ்டர்கள் யாரும் தங்கள் சரக்கைத் தின்று நான் பார்த்ததில்லை. வாயில் ஒட்டுகிறது என்று நாங்கள் துப்பினோம். அதையே சூடு காட்டி, பேப்பரில் வைத்து, அன்பு என்று நினைத்து அந்த அம்மாவுக்குக் கொடுத்தேன்.

வெளியே வந்து மரத்தடியில் டீ வாங்கினேன். சர்க்கரை வேண்டாம் என்றார்.

"மேரியம்மா" என்றேன். "அந்த உத்தரவு எனக்கு முன்னாடியே தெரியும். சின்னவர் ஒரு மாசம் முன்னாடியே சொல்லிட்டாரு. நான்தான் உங்ககிட்ட சொல்லல."

"தெரியும் மாஸ்டர். நீங்க ஓவன் பக்கம் திரும்புனப்பவே தெரிஞ்சு போச்சு."

"என் பேரைச் சொல்லியிருக்கலாமே."

அவர் டீயைக் குடித்து முடித்தார். "நீங்க சொல்லுவீங்கன்னு நின்னேன்" என்றார்.

அதில் கோபம்கூட இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை வேலைக்கு வரும்போதே மனசில் ஒரு திட்டம் வைத்திருந்தேன். சின்ன முதலாளியை அறையில் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடுவது. அவரும் தனியாக மேரியம்மாவிடம் வரச் சொல்லிவிடுவார், விஷயம் முடிந்தது. எனக்கு அது வசதி. போனேன். அவர் இரண்டு காதிலும் போனை வைத்துக்கொண்டிருந்தார். "அப்புறம் மாஸ்டர், அப்புறம்" என்று கையைக் காட்டினார். திரும்பி வந்தேன். உள்ளூர நிம்மதியாகக்கூட இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பத்து மணி இருக்கும். கிச்சனில் எல்லோரும் இருந்தோம். க்ரீம் அடிப்பவர், மாவு பிசைபவர், வண்டியில் ஏற்றுபவர்கள் எல்லோரும். மேரியம்மா வாசலில் வந்து நின்றார். பின்னால் கொஞ்சம் தள்ளி சேவியர், மார்க்கெட்டிலிருந்து அப்படியே தலைத்துண்டோடு. சின்ன முதலாளி அறையிலிருந்து வெளியே வந்தார்.

"வாங்க மேரிக்கா. என்ன, ஒத்துக்கிறீங்களா? ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஆர்டர் தலைக்கு மேல கிடக்கு."

மேரியம்மா இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இனி யாரையும் எதிர்பார்ப்பதில்லை என்று முடிவு செய்தவர் நிற்கிற மாதிரி இருந்தது.

தனியாகச் சொல்கிற திட்டம் அந்த நிமிஷமே செத்துவிட்டது. பேரைக் கெடுத்தது இருபது பேர் முன்னால். அதை அறைக்குள் வைத்துச் சரிசெய்ய முடியாது. இது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"நான் கொடுத்தது" என்றேன்.

மிக்ஸர் ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் கேட்கவில்லை. க்ரீம் அடிப்பவர், "என்ன மாஸ்டர், மைதாவா?" என்றார்.

நான் போய் மிக்ஸரை நிறுத்தினேன். அது நின்றதும் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். காது சூடாகிவிட்டது. ஏப்ரனைப் பிடித்துக்கொண்டேன்.

"தினம் ரெண்டு பப்ஸும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன் தம்பி. ரெண்டு வருஷமா கொடுக்கிறேன். நீங்க வேணாம்னு சொன்ன பிறகும் கொடுத்தேன். அவங்களுக்கு உங்க உத்தரவே தெரியாது. அன்னிக்குத் தராசுல ஏத்தினப்ப நான் இங்கதான் நின்னேன். சொல்லல."

சின்ன முதலாளி முகம் மாறியது. "ஏன் மாஸ்டர்? அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கணும் தம்பி. தைரியம் வரல."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "சரி விடுங்க, முடிஞ்சு போச்சு. மேரிக்கா, போய் வேலையைப் பாருங்க" என்றார்.

மேரியம்மா அசையவில்லை. "தம்பி, செவ்வாக்கிழமை இங்க எத்தனை பேர் இருந்தாங்களோ அத்தனை பேரும் இருக்காங்க" என்றார். "அன்னிக்கு நீங்கதான் பேசுனீங்க. இன்னிக்கும் நீங்களே சொல்லிருங்க."

சின்ன முதலாளி எங்களை எல்லாம் ஒருமுறை பார்த்தார். "மேரிக்கா எதையும் எடுக்கல. அவங்களைத் தராசுல ஏத்தினது தப்பு. நான் பண்ணது தப்பு" என்றார். அந்த வயதில் ஒரு முதலாளிக்கு அது லேசான வேலை இல்லை. அவரிடம் எனக்கு இருந்த மரியாதை அன்றைக்குக் கூடியது.

வாசலில் சேவியர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானும்தான்" என்று மெதுவாகச் சொன்னார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று கேட்கத் தேவையில்லை.

அதற்குப் பிறகு பப்ஸ் கொழுப்பை மாற்றினீர்களா என்று கேட்பீர்கள். உடனே மாற்றிவிட்டோம் என்று எழுதினால் அது பொய். டாக்டரம்மா சொன்னதை நான் சின்ன முதலாளியிடம் சொன்னேன். பிஸ்கட்டை வெண்ணெய்க்கும் எண்ணெய்க்கும் மாற்ற ஒத்துக்கொண்டார். பப்ஸில் வெண்ணெய் வைத்து நான்கு தடவை செய்து பார்த்தேன், நான்கும் சப்பட்டையாக வந்தது. சட்டம் இறுகி, கம்பெனிக்காரர்களே அந்தக் கொழுப்பை மாற்றிச் செய்ய ஆரம்பிக்கும்வரை பழைய சரக்கில்தான் பப்ஸ் போட்டேன். தெரிந்தே போட்டேன். அதை வாங்கித் தின்றவர்கள் எத்தனை பேர் வீட்டில் போய் 'ஒளிச்சுத் தின்றே' என்று பேச்சு வாங்கினார்களோ எனக்குத் தெரியாது. இப்போது வருகிற பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் படித்துப் பாருங்கள். உங்களுக்குப் படிப்பு இருக்கிறது. நான் படிக்கத் தெரியாததை ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். அந்தச் சாக்கு உங்களுக்கு இல்லை.

மேரியம்மாவுக்கு எடை குறைந்ததா என்றும் கேட்பீர்கள். அடுத்த வருஷத்தில் முட்டி வலி விட்டது, படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. பார்க்கவும் கொஞ்சம் வித்தியாசம் தெரிந்தது. எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவரைத் தராசில் ஏற்றிப் பார்த்தவர்கள் கூட்டத்தில் நானும் ஒருவன், அதைக் கேட்கிற இடம் என்னுடையது இல்லை. நீங்களும் யாரிடமும் கேட்காதீர்கள். கூட வேலை செய்கிறவர் உடம்பு மாறினால், அவர் என்ன தின்கிறார் என்று தேடுவதற்கு முன்னால், நாம் என்ன கொடுக்கிறோம், வீட்டில் சாப்பிட நேரம் இருக்கிறதா, எத்தனை மணி பஸ் பிடிக்கிறார் என்று யோசியுங்கள். யோசித்துப் பதில் கிடைக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருங்கள். பேச வேண்டிய நேரத்தில் நான் மூடிக்கொண்டேன். நீங்கள் மூட வேண்டிய நேரத்தில் பேசுகிறீர்கள்.

மேரியம்மா திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பி வந்தார். முதல் பஸ்ஸில்தான் வந்தார். பேக்கிங் மேசைக்குப் போகவில்லை. கிச்சன் நடுவில், எல்லோரும் போய் வருகிற வழியில், ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து தூக்குச்சட்டியை எடுத்துத் திறந்தார். பழைய சோறும் மோரும், ஓரத்தில் சின்ன வெங்காயம். சாப்பிட ஆரம்பித்தார். அவசரமே இல்லை. ஒவ்வொரு வாயாக, நிதானமாக. தட்டு தூக்கிக்கொண்டு போனவர்கள் அவரைச் சுற்றிப் போனார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சின்ன முதலாளி உள்ளே வந்தார். வழியில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றார். மேரியம்மா எழுந்திருக்கவில்லை. வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அந்தச் சொம்புல தண்ணி கொஞ்சம் எடுங்க தம்பி" என்றார்.

அவர் போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். மேரியம்மா குடித்துவிட்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார்.

திருவானைக்காவல்
மார்கழி பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை